ஆறு கோடி முனைகள்

பழைய பருத்திப் பனியன் கிழிந்துதான் ஓயும். தோளில் மெலிந்து, அக்குளில் ஓட்டை விழுந்து, கடைசியில் வண்டி துடைக்கப் போகும் நாள்வரை அதன்மேல் உருண்டை கட்டி நின்று பார்த்தவர்கள் குறைவு. அதே வீட்டில் தீபாவளிக்கு எடுத்த டி-சர்ட்டோ பொங்கலுக்குள் இடுப்போரத்திலும், கையின் உட்பக்கத்திலும், பை உரசும் தோளிலும் பொடிப்பொடியாக உருண்டை கட்டிவிடுகிறது. துணி கிழியவில்லை, சாயமும் போகவில்லை. இருந்தும் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக மனம் வராது. "மட்டமான துணியைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு தவறு. அந்த டி-சர்ட்டில் இருக்கும் நார் பழைய பனியனின் நாரைவிட வலுவானதாக இருக்கலாம். உருண்டை உதிராமல் அங்கேயே நிற்பதற்குக் காரணமே அந்த வலுதான்.

நூல் என்று நாம் கையில் பிடிப்பது ஒற்றை இழையல்ல. நல்ல பருத்தியில் ஒரு நாரின் நீளம் ஏறத்தாழ 25 முதல் 32 மில்லிமீட்டர். அதோடு கலந்து நூற்பதற்காகப் பாலியஸ்டரையும் 38 மில்லிமீட்டர் அளவில் துண்டு போடுகிறார்கள். இந்தக் குட்டை நார்களை அருகருகே நிறுத்தி முறுக்கினால் நூல். அதில் பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. முறுக்கின் இறுக்கத்தில் நாரும் நாரும் உரசிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 டெனியர் பாலியஸ்டர் என்றால் 9,000 மீட்டர் நாரின் எடை 1.2 கிராம். ஒரு கிராமில் 7,500 மீட்டர் இருக்கும். அதை 38 மில்லிமீட்டராக வெட்டினால் சுமார் 1,97,000 துண்டுகள். 150 கிராம் எடையுள்ள டி-சர்ட்டில் கிட்டத்தட்ட 3 கோடி நார்கள். ஒவ்வொன்றுக்கும் முனை இரண்டு. ஆக நாம் தலைவழியே மாட்டிக்கொள்ளும் ஒரு டி-சர்ட்டில் ஆறு கோடி முனைகள் இருக்கின்றன. அவற்றில் ஆயிரத்தில் ஒன்று வெளியே தலைநீட்டினாலும் அறுபதாயிரம் பிசிறுகள்.

திருப்பூரில் பில்லிங் என்று சொல்லப்படும் இந்தக் குறை பிறந்து வளரும் விதத்தை கின்டிஸ், மீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் விளக்கினார்கள். இன்றும் அந்த விளக்கத்தையே தொழில் பயன்படுத்துகிறது. முதலில் உரசலில் நார்முனைகள் நூலைவிட்டு வெளியே வந்து மேற்பரப்பில் பிசிறாகின்றன. பிசிறு போதிய நீளத்துக்கு வந்ததும் ஒன்றையொன்று பற்றிச் சுருள்கிறது. எண்ணெய் காணாத தலைமுடி சிக்கு விழுவதைப்போல, ஒருமுறை பின்னிக்கொண்டால் ஒவ்வோர் அசைவும் அதை மேலும் இறுக்கும். பிறகு அந்தச் சிக்கு உருண்டையாகி, அக்கம்பக்கத்து நார்களையும் இழுத்துப் பருக்கிறது. உருண்டையைத் துணியோடு கட்டி வைத்திருப்பவை ஒரு சில நார்களே. அவற்றின் ஒரு முனை உருண்டைக்குள்ளும் மறுமுனை நூலுக்குள்ளும் இருக்கும். இந்தப் பிடிநார்கள் வளைந்து வளைந்து அலுத்து அறும்போது உருண்டை உதிர்ந்துவிடும்.

கடைசிக் கட்டத்தில்தான் பனியனும் டி-சர்ட்டும் பிரிகின்றன. பருத்தியிலும் பிசிறு உண்டு, உருண்டையும் உண்டு. ஆனால் பருத்தி நார் ஏறத்தாழ 7 சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும். பிடிநார் சீக்கிரமே கைவிடும். கம்பளி நன்றாக நீளும் என்றாலும் வலுக் குறைவு, அதனால் அதிலும் உருண்டைகள் முதல் சில மாதம் பெருகிப் பின்னர் குறைகின்றன. பாலியஸ்டரோ ரகத்தைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம்வரை நீளும். எத்தனை ஆயிரம் முறை மடக்கினாலும் சளைக்காது. உருண்டைகள் உருவாகிக்கொண்டே இருக்கும், உதிர்வதோ அபூர்வம். நைலானும் இதே குணம்.

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த பி.சி. துணியில் நிலைமை இன்னும் மோசம். பருத்திப் பிசிறு அறுந்து விழப் பார்க்கும்போது பாலியஸ்டர் பிசிறு அதைப் பிடித்து உள்ளே சுருட்டிக்கொள்கிறது. போதாததற்குப் பாலியஸ்டரில் தேங்கும் நிலைமின்சாரம் மற்ற துணிகளின் தூசியையும் இழுக்கும். கறுப்பு டி-சர்ட்டின் உருண்டையை ஊசிமுனையால் பிரித்துப் பாருங்கள். துண்டின் வெள்ளை நாரும், யாருடைய சிவப்புப் பாவாடையின் நாரோ ஒன்றும் உள்ளே இருக்கும்.

பின்னல் துணியில் மட்டும் ஏன் இத்தனை தொல்லை? நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருக்கின்றன. பின்னலில் நூல் கண்ணி கண்ணியாக, நாலு பக்கமும் காற்றோட்டத்தோடு தொங்குகிறது. அந்தத் தளர்ச்சிதான் பனியன் துணிக்கு நெகிழ்வும் குளிர்ச்சியும் தருகிறது. நார் நழுவ வழி விடுவதும் அதுவே. அதோடு ஹோசியரி நூலுக்கு முறுக்கு குறைவு. கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கூட்டினால் துணி விறைக்கும், கண்ணிகள் சாயும். சில டி-சர்ட்டுகளில் இரண்டு மூன்று சலவைக்குப் பின் பக்கத்தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முறுக்கு விடுபடப் பார்க்கும் வேலை. முறுக்கைக் கூட்டிப் பில்லிங்கைக் குறைத்தால் தையல் ஓடும். குறைத்துத் தையலைக் காப்பாற்றினால் பிசிறு வரும்.

மென்மையும் இதேபோல இருமுனைக் கத்தி. ஒரு நார் வளைய மறுக்கும் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்கு. அதே சமயம் அதே எடைக்கு நார்களின் எண்ணிக்கை நாலு மடங்கு. அதாவது மெல்லிய நாரில் முனைகளும் அதிகம், ஒவ்வொன்றும் எளிதில் சுருளவும் செய்யும். விலை உயர்ந்த காஷ்மீர் ஆட்டுக் கம்பளிச் சுவெட்டர் சில நாட்களிலேயே உருண்டை கட்டுவது இதனால்தான். அதன் நார் 19 மைக்ரானுக்கும் மெல்லியது, குட்டையும்கூட. ஊட்டி தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் சுவெட்டரும் உருண்டை கட்டும், பல ஆயிரம் கொடுத்து வாங்கிய காஷ்மீரும் கட்டும். விலையை வைத்து இதைக் கணிக்க முடியாது.

பாலியஸ்டர் நாரை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள். அதை டெரிலின் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஐ.சி.ஐ. நிறுவனம். நம் அப்பாக்கள் இஸ்திரி கலையாத டெரிகாட்டன் சட்டையில் மயங்கியது அந்த வழியில் வந்ததுதான். பில்லிங் சோதனைக்கு இன்றும் உலகெங்கும் பயன்படும் பெட்டிக்குப் பெயர் ஐ.சி.ஐ. பில்லிங் பெட்டி. உள்ளே தக்கை ஒட்டிய சதுரப்பெட்டி அது. ரப்பர் குழாய்களில் மாட்டிய நாலு துணித்துண்டுகள் அதற்குள் மணிக்கணக்கில் உருண்டு புரளும். நோயைப் பரப்பிய நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தே வெப்பமானியும் வந்திருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம், பெரிய மிகையில்லை.

இன்னொரு கருவி மார்ட்டின்டேல். 1940-களில் லீட்ஸ் நகரின் கம்பளி ஆய்வு நிலையத்தில் தேய்மானத்தை அளக்கப் பிறந்தது. துணியைத் துணிமேல் வைத்து, நேர்க்கோட்டில் தொடங்கி நீள்வட்டமாகி மறுபடி நேர்க்கோடாகும் பாதையில் லேசான எடையோடு உரசும். எந்தப் பெட்டியில் சோதித்தாலும் கடைசித் தீர்ப்பு மனிதக் கண்ணுடையது. விளக்குப் பெட்டியில் துண்டை வைத்து, நிலையான புகைப்படங்களோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் மேற்பரப்பு முழுக்க உருண்டை. ஏற்றுமதி வாங்குபவர்கள் பெரும்பாலும் 3-4 அல்லது 4 கேட்பார்கள். அந்த அரை மதிப்பெண்ணுக்காகச் சாயப்பட்டறையும் நூல்காரரும் பனியன் கம்பெனியும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவது திருப்பூரில் அன்றாடக் காட்சி.

கைகாட்டுவதில் அர்த்தம் இல்லாமலும் இல்லை, ஏனென்றால் தடுக்கும் வேலை ஒவ்வொரு படியிலும் இருக்கிறது. நூற்பாலையில் கோம்டு நூல் என்றால் பஞ்சைச் சீவிக் குட்டை நார்களைக் கழித்துவிட்டார்கள் என்று பொருள். எடையில் ஆறில் ஒரு பங்குவரைகூடக் கழிவாகப் போகும். விலை கூடுவது அதனால். கார்டட் நூலில் அந்தக் குட்டை நார்கள் அப்படியே இருக்கும், முனைகளும் கூடுதல். காம்பேக்ட் நூற்பில், முறுக்கு ஏறும் இடத்துக்குச் சற்று முன்பே நார்களைக் காற்று உறிஞ்சி நெருக்கிவிடுவதால் ஓரத்து நார்கள் தப்பித்து வெளியே நிற்பதில்லை. சுழற்காற்றில் நூற்கும் வோர்ட்டெக்ஸ் நூலில் வெளிநார்கள் உள்நார்களைச் சுற்றிக் கட்டுகின்றன. பிசிறு மிகக் குறைவு, கைக்குச் சற்றே முரடு. நிட்டிங்கில் கண்ணி நீளத்தைக் குறைத்தால் துணி நெருங்கும், பில்லிங் குறையும். கூடவே கிலோவுக்குக் கிடைக்கும் மீட்டரும் குறையும் என்பதால் இந்தத் திருகாணியைத் தளர்த்தவே வியாபாரத்தில் ஆசை வரும். என் கணிப்பில், உள்நாட்டுச் சந்தையின் மலிவு டி-சர்ட்டுகள் தோற்பது நாரில் அல்ல, இந்த இரண்டு இடங்களில்: கார்டட் நூலிலும் தளர்ந்த கண்ணியிலும்.

பின்னிய துணியின் பிசிறை எரித்தும் நீக்கலாம். வாயுச் சுடர்மேல் துணியை வேகமாக ஓட்டினால் பிசிறு கருகும், துணி சூடேறுவதற்குள் தாண்டிவிடும். பாலியஸ்டர் கலந்த துணியில் ஒரு சிக்கல். உருகிய முனை மணிபோலத் திரண்டு, பிறகு சாயம் போடும்போது அந்த இடம் மட்டும் அடர்த்தியாகச் சாயம் குடித்துப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதனால் சாயம் ஏற்றியபின் சுடுவதே வழக்கம்.

பருத்திக்கு இதைவிட நயமான வழி ஒன்று உண்டு. அதன் வேர் இரண்டாம் உலகப்போரில் இருக்கிறது. பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் கச்சைகளும் கண்முன்னே மட்கிப்போயின. காரணம் தேடிப் பூஞ்சைகளைச் சேகரித்தபோது, சாலமன் தீவுக்கூட்டத்தில் அழுகிய பருத்திக் கூடாரம் ஒன்றிலிருந்து கிடைத்த பூஞ்சைக்கு கியூ.எம்.6ஏ என்று எண் கொடுத்தார்கள். படைக்கான ஆய்வுக்கூடத்தில் எல்வின் ரீஸும் பின்னர் மேரி மேண்டல்ஸும் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பருத்தியின் செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் என்ற நொதியை அது ஏராளமாகச் சுரந்தது. 1977-இல் ரீஸின் நினைவாக அந்தப் பூஞ்சைக்கு ட்ரைக்கோடெர்மா ரீஸி என்று பெயர் வைத்தார்கள். பருத்தியைக் காப்பாற்றத் தொடங்கிய தேடல், பருத்தியை அளவாக அரிக்கும் தொழிலில் போய் முடிந்தது.

டி-சர்ட்டின் சீட்டில் 'பயோ வாஷ்' என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். சாய இயந்திரத்தில் 50 முதல் 55 டிகிரி வெப்பத்தில், லேசான அமிலத்தன்மையில், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் துணியை நொதிக்கரைசலில் ஓட்டுகிறார்கள். நொதி பெரிய மூலக்கூறு. நூலின் உள்ளே எளிதில் புகாது. வெளியே நீட்டிய பிசிறைத்தான் முதலில் கடிக்கும். கடித்து நலிந்த பிசிறு இயந்திரத்தின் புரட்டலில் ஒடிந்து போகும். பின்பு சூட்டைக் கூட்டி நொதியைச் செயலிழக்கச் செய்வார்கள். துணியின் எடையில் 3 முதல் 5 சதவீதம் கரைந்திருக்கும். நேரம் தவறினால் துணியே நலிந்துவிடும். சலவைத்தூளுக்கும் இது வந்தது. 1987-இல் ஜப்பானின் காவோ வெளியிட்ட 'அட்டாக்' தூளில் செல்லுலேஸ் இருந்தது. ஆனால் இந்த நொதிக்குப் பாலியஸ்டர் என்றால் என்னவென்றே தெரியாது. பி.சி. டி-சர்ட்டில் 'பயோ வாஷ்' என்று பார்த்தால், பருத்திப் பாதிக்கு மட்டும்தான் வைத்தியம் நடந்திருக்கிறது.

பாலியஸ்டருக்கான வைத்தியத்தை நாரைச் செய்யும் இடத்திலேயே செய்ய வேண்டும். அந்த வைத்தியம், நம்பக் கஷ்டமாக இருந்தாலும், அதை வலுவிழக்கச் செய்வது. மூலக்கூறுச் சங்கிலிகளைக் குட்டையாக்கினால் நார் மடங்கி மடங்கிச் சீக்கிரம் அறும். உருண்டை வந்தாலும் பிடிநார் விட்டுவிடும். துணி அழகாக இருக்க, நார் கொஞ்சம் பலவீனமாக இருக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு வழி முனையே இல்லாத நூல். விளையாட்டு ஜெர்சியின் வழவழப்பான பாலியஸ்டர், வெட்டாத தொடர் இழையான ஃபிலமெண்ட் நூல். அதில் பில்லிங் அநேகமாக வராது. வெல்க்ரோவில் மாட்டி இழை அறுந்தால் மட்டுமே தொல்லை. அதனால் சீட்டில் '100% பாலியஸ்டர்' என்று பார்த்ததும் ஓட வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசிப் படியில் கெடுப்பதும் நடக்கிறது. வாடிக்கையாளர் கடையில் துணியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார் என்பதால் சிலிகான் சாஃப்ட்னரைத் தாராளமாக ஏற்றுகிறார்கள். வழுக்கல் கூடினால் நாருக்கும் நாருக்கும் உள்ள பிடி குறையும். முனைகள் இன்னும் எளிதாக நழுவி வெளியே வரும். கடையில் வெண்ணெயாக இருக்கும் துணி மூன்றாம் மாதம் உருண்டை கட்டுவதில் இதற்குப் பங்குண்டு. தடவிப் பார்ப்பதைவிட, துணியை இருவிரலால் பிடித்துக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அப்போதே பிசிறு எழும்பினால் வைத்துவிட்டு வரலாம்.

வீட்டில் செய்யக்கூடியது தள்ளிப்போடுவதுதான், ஆனால் அது கணிசமாகத் தள்ளிப்போகும். உட்பக்கத்தை வெளியே திருப்பித் துவைப்பது இருப்பதிலேயே பயனுள்ள பழக்கம். உரசல் நடக்கும், பிசிறும் வரும், அது உடம்புப் பக்கம் வரும். டி-சர்ட்டை ஜீன்ஸோடும், டர்க்கித் துண்டோடும், ஜிப் வைத்த உடைகளோடும் போடக் கூடாது. அழுக்கு அதிகமென்றால் மெஷினை நீண்ட நேரம் ஓட்டுவதைவிட முன்கூட்டி ஊறவைத்துக் குறைந்த நேரம் சுற்றுவது நல்லது. துவைக்கிற கல்லில் காலர் கறையைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் ஒவ்வொரு தேய்ப்பிலும் முனைகளை வெளியே வாரிக்கொண்டிருக்கிறார்கள். சோப்புக் கரைசலைத் தடவி ஊறவிட்டுக் கையால் கசக்கினால் போதும். லேப்டாப் பை, கார் சீட் பெல்ட், மேசை விளிம்பு ஆகிய மூன்றும் அன்றாட எதிரிகள். சுவெட்டரைத் தினமும் துவைக்க வேண்டியதே இல்லை. உதறிக் காற்றாட விட்டால் பெரும்பாலான நாள் போதும்.

வந்த உருண்டையைக் கையால் பிய்ப்பது சுகமான வேலை, கெட்ட வேலையும்கூட. பிய்க்கும்போது பிடிநார் அறுவதற்குமுன் நூலிலிருந்து இன்னும் கொஞ்சம் உருவி வெளியே வரும். அடுத்த உருண்டைக்கு அதுவே வித்து. வெட்டத்தான் வேண்டும். பேட்டரியில் ஓடும் உருண்டை நீக்கும் கருவி நூறு இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. துணியைச் சமமான பலகையில் சுருக்கமின்றி விரித்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். சவர பிளேடை மெல்லிய சிங்கிள் ஜெர்சியில் வைக்காதீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் ஏணிபோல வரிசையாக இறங்கும். கம்பளியில் இரண்டு மூன்று முறை நீக்கியபின் தளர்ந்த நார்கள் தீர்ந்து தொல்லை அடங்கும். பாலியஸ்டர் கலப்பில் அப்படி அடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உருண்டையாகாமல் போகும் பிசிறும் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. பிளிமத் பல்கலைக்கழகத்தின் நேப்பரும் தாம்சனும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நார்கள் கழிவுநீரில் போகக்கூடும் என்று கணக்கிட்டார்கள். பாலியஸ்டர்-பருத்திக் கலப்பில் அது சுமார் 1,38,000. கலப்பில் எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். நார்களை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் துணிதானே உருண்டையும் கட்டுகிறது.

ஏற்றுமதிக்குப் போகும் டி-சர்ட்டுக்குப் பில்லிங் மதிப்பெண் ஒப்பந்தத்திலேயே எழுதப்படுகிறது. குறைந்தால் சரக்கு திரும்பி வரும். நம் ஊர்க் கடையில் தொங்கும் டி-சர்ட்டில் அந்த எண் இல்லை. சோதனைக்கூடங்கள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கின்றன, சோதனைக்குத் தேவை சில மணி நேரமும் நாலு துண்டுத் துணியும். சைஸ் போடும் சீட்டில் 5-க்கு எத்தனை என்றும் போட இடமிருக்கிறது. அடுத்தமுறை கடையில் கேளுங்கள்: நூல் கோம்டா கார்டடா, நாரில் எத்தனை சதவீதம் என்ன, பில்லிங் மதிப்பெண் எத்தனை? முதல் பத்துப் பேருக்குப் பதில் கிடைக்காது. கேட்பவர்கள் கூடினால் சீட்டில் அச்சாகும்.